பரதேசியும் பட்டாவும்

துருக்கி தேசத்தின் தென்மேற்குக் கோடியில், மத்தியதரைக் கடல் மலைகளின் இடுக்கில் புகுந்து, சிறு தீவுகளை வாயிற்காவலாக நிறுத்திக்கொண்டு, அலையடங்கிய ஒரு குடாவாக ஓய்ந்து கிடக்கும் இடத்தில், ஃபெத்தியே என்ற பட்டினம் அமைந்திருக்கிறது. மே மாதம் தொடங்கி அக்டோபர் வரை, ஐரோப்பாவின் வடதிசை நாடுகளிலிருந்து வெயிலைத் தேடி வரும் பிரயாணிகளால் அதன் கடற்கரைகளும் கடைவீதிகளும் நிரம்பி வழிகின்றன. பக்கத்திலுள்ள ஓலூதெனிஸ் என்னும் நீல உப்பங்கழிக்கு ‘இறந்த கடல்’ என்று அர்த்தம். சலனமற்றிருக்கும் அதன் அமைதி கருதி இட்ட பெயர் அது. அதற்கு மேலே 1969 மீட்டர் உயர்ந்து நிற்கும் பாபாதாக் மலையிலிருந்து, துணிச்சிறகு கட்டிக்கொண்ட மனிதர்கள் காற்றில் மிதந்து வந்து கரையில் இறங்குகிறார்கள். பட்டினத்து மீன் அங்காடியில் வேண்டிய மீனைத் தெரிந்து வாங்கி, சுற்றிலும் உள்ள உணவகங்களில் ஒன்றில் கொடுத்தால், சமையற்கூலி மட்டும் பெற்றுக்கொண்டு பக்குவம் செய்து பரிமாறுவார்கள். செவ்வாய்க்கிழமைதோறும் பெரிய சந்தை கூடும். யாத்திரை வழிகாட்டி நூல்கள் இவற்றையெல்லாம் விரிவாகச் சொல்லும். அந்தப் பணியை அவற்றிற்கே விட்டுவிடுகிறேன்.

அக்டோபர் கழிந்து, முதல் மழை இறங்கி, கரையோரக் கடைகள் ஒவ்வொன்றாகக் கதவடைத்த பின்னும் ஊர் திரும்பாத ஒரு கூட்டம் அங்கே உண்டு. அவர்களிற் பலர் ஆங்கிலேயர்; உத்தியோகம் முடிந்து ஓய்வூதியத்தில் ஜீவிப்பவர்கள். சாலிஷ் கடற்கரையை ஒட்டியும், மலையடிவாரத்து ஓவாஜிக், ஹிசாரோனு ஆகிய ஊர்களிலும் அவர்கள் வீடு வாங்கிக் குடியிருக்கிறார்கள். துருக்கியர் இவர்களைக் ‘குடியமர்ந்த அந்நியர்’ என்று பொருள்படும் ஒரு தொடரால் குறிக்கிறார்கள். அத்தொடரில் அந்நியனைச் சுட்டும் ‘யபஞ்ஜி’ என்ற சொல்லின் வேர் ‘யபான்’. காடு, பாழ்வெளி என்று அதற்குப் பொருள். காட்டிலிருந்து வந்தவன் வீட்டில் குடியமர்ந்துவிட்டான் என்ற முரண் அந்தத் தொடருக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. அவர்களிடம் இரண்டு காகிதங்கள் இருக்கும். ஒன்று தாப்பு, நம்முடைய பட்டாவையும் பத்திரத்தையும் ஒத்தது. மற்றொன்று இகாமெத், நாட்டில் தங்கியிருக்க அரசாங்கம் வழங்கும் அனுமதி. முன்னது, இந்த வீடு உன்னுடையது, உனக்குப் பின் உன் வாரிசுகளுடையது என்கிறது. பின்னது, இன்ன தேதி வரையில்தான் நீ இங்கே இருக்கலாம் என்கிறது. ஒரே மேஜையின் இழுப்பறையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் இவ்விரு காகிதங்களையும் பற்றி எண்ணியபோதுதான் இக்கட்டுரைக்கு ஆதாரமான கேள்வி என்னுள் எழுந்தது.

மண் உனக்குச் சொந்தம், நீயோ அம்மண்ணில் தவணைக்கு இருப்பவன் என்ற விதி, அந்நியருக்காக ஓர் அரசாங்கம் எழுதிய விதிதானா, அல்லது பூமியில் பிறந்த ஒவ்வொருவரின் நெற்றியிலும் எழுதியிருப்பதா? பின்னதே உண்மையானால், ஓர் ஊரை ஒருவனுக்குச் சொந்தமாக்குவது எது? பிறந்ததாலா, விலை கொடுத்ததாலா, இன்ன தெய்வத்தை வணங்குவதாலா, முன்னோரின் எலும்பு அங்கே கிடப்பதாலா? இந்த விடைகளில் ஒவ்வொன்றையும் மெய்யென நம்பி வாழ்ந்த மக்கள் ஃபெத்தியேயில் இருந்திருக்கிறார்கள். அவர்கள் விட்டுச் சென்ற சுவடுகளும் இருக்கின்றன. ஆதலால் தர்க்க நூல்களைப் புரட்டுவதைக் காட்டிலும் அந்த ஊரைச் சுற்றிவருவது இவ்விசாரணைக்கு அதிகம் உதவும்.

பட்டினத்துக்குப் பின்புறம் செங்குத்தாக எழும் பாறையில், கீழிருந்து நோக்குவார் கோயில் என்றே மயங்கும்படி, ஒரு கல்லறை குடைந்திருக்கிறது. கி.மு. நான்காம் நூற்றாண்டில், அப்பிரதேசம் லிசியா என்றும் பட்டினம் தெல்மெஸ்ஸோஸ் என்றும் வழங்கிய காலத்தில் செய்த வேலை அது. படிகளில் ஏறி அருகே சென்றால் இரு தூண்கள் தாங்கிய முகமண்டபமும், அதன் பின்னே ஒரு கதவும் தெரியும். திறப்பதற்கான கதவன்று அது. மரக்கதவு ஒன்றைச் சட்டம் சட்டமாக, அதில் அறைந்த ஆணிகளின் குமிழ்த் தலைகள் உள்பட, பாறையிலேயே செதுக்கி வைத்திருக்கிறார்கள். கீழ்ப்புறத்தில் ஒரு பலகை மட்டும் உடைந்திருக்கிறது. பண்டு எப்போதோ பொருள் தேடி வந்த கள்வர் புகுந்த வழி அது. உள்ளே கல்மேடைகள் வெறுமையாகக் கிடக்கின்றன. பக்கத்தே கிரேக்க எழுத்தில், ஹெர்மாபியாஸின் மகன் அமிந்தாஸுடையது என்று மட்டும் பொறித்திருக்கிறது. அவன் அரசனா, தளபதியா, வர்த்தகனா என்ற விவரம் எதுவுமில்லை. இது இன்னாருடையது என்ற உடைமைச் சொல் ஒன்றே போதுமென்று அவன் கருதியிருக்கிறான்.

அமிந்தாஸின் கல்லறையைச் சுற்றியுள்ள சிறு கல்லறைகளைப் பார்த்தால், லிசியரின் மனம் இன்னும் தெளிவாக விளங்கும். அவை வீடுகளைப் போலவே செதுக்கப்பட்டவை. விட்டங்களின் முனைகள் சுவரை மீறி வெளியே நீண்டிருப்பதையும், உத்தரத்தின்மேல் உருளைக் கட்டைகள் வரிசையாக அடுக்கியிருப்பதையும் கல்லில் அப்படியே காட்டியிருக்கிறார்கள். லிசியர் மரவீடுகளில் வாழ்ந்தவர்கள். அந்த வீடுகளில் ஒன்றேனும் இன்று இல்லை. அவை எப்படி இருந்தன என்பதை இறந்தவர்களுக்குக் கட்டிய வீடுகளைக் கொண்டே அறிகிறோம். உயிரோடிருந்தவன் மரத்தில் தங்கினான், மாண்டவன் கல்லில் குடியேறினான். அவர்கள் மனத்தில் எது சத்திரம், எது சொந்த வீடு என்பதில் ஐயமே இருக்கவில்லை போலும். லிசியாவின் கல்லறைகள் பலவற்றில், உரிமையற்ற பிணத்தை இங்கே வைப்பவன் இவ்வளவு அபராதம் செலுத்தக் கடவன் என்ற எச்சரிக்கையும் வெட்டியிருக்கிறது. செத்த பிறகும் பட்டா மாறக் கூடாது என்பது அவர்களுடைய கவலை. அந்த எச்சரிக்கைக்கு எந்தக் கள்வனும் அஞ்சியதாகத் தெரியவில்லை. 1957ஆம் ஆண்டு ஏப்ரலில் நேர்ந்த பூகம்பத்தில் பட்டினத்து வீடுகள் பெரும்பாலும் இடிந்து விழுந்தன. பாறைக் கல்லறைகள் நிலைத்து நின்றன. இன்றும் கடைத்தெரு ஓரத்தில் லிசியக் கற்பேழை ஒன்று, கவிழ்த்த தோணி போன்ற மூடியோடு நிற்கிறது. வண்டிகள் அதைச் சுற்றிக்கொண்டு போகின்றன.

அப்படியானால் அந்த லிசியர்களாவது அம்மண்ணின் ஆதிக்குடிகளா? ஹெரோடோட்டஸ் அவர்களைக் கிரீட் தீவிலிருந்து கடல் கடந்து வந்தவர்கள் என்று எழுதிவைத்தார். தந்தையின் பெயரால் அன்றி தாயின் பெயரால் தங்களை அறிவித்துக்கொள்வார்கள் என்று வியந்தவரும் அவரே. பிற்கால ஆராய்ச்சியாளரோ அவர்கள் மொழியை ஆராய்ந்து, அது அனத்தோலியாவின் பழைய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்ததென்றும், ஹிட்டைட்டு அரசரின் சாசனங்களில் வரும் லுக்கா நாடு இதுவேயென்றும் சொல்கிறார்கள். இந்த வழக்கில் தீர்ப்பளிக்க எனக்குத் தகுதியில்லை. பூர்வீகம் என்று சொல்லப்படும் கயிற்றை எவ்வளவு தூரம் பின்னோக்கி இழுத்தாலும், அதன் மறுமுனை ஒரு படகிலோ ஒரு வழிப்பாதையிலோதான் போய் முடிகிறது என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரிகிறது.

ஊரின் பெயருக்கும் இதே கதிதான். தெல்மெஸ்ஸோஸ் என்ற பெயர் மறைந்து, இடையில் ஒரு பைசாந்தியச் சக்கரவர்த்தியின் பெயரைச் சிலகாலம் தாங்கி, பிறகு மக்ரி என்றாகி, கடைசியில் ஃபெத்தி பே என்ற ஒட்டோமன் விமானியின் நினைவாக ஃபெத்தியே ஆயிற்று. 1914ஆம் ஆண்டு பிப்ரவரியில், டமாஸ்கஸிலிருந்து எருசலேமுக்குப் பறந்துகொண்டிருந்தபோது விமானம் வீழ்ந்து இறந்த இளைஞர் அவர். அவர் பிறந்தது இஸ்தான்புல்லில். அந்தப் பட்டினம் தன் பெயரைக்கூட ஒரு வழிப்போக்கரிடமிருந்துதான் பெற்றிருக்கிறது.

புனித நிக்கோலஸின் சரிதமும் இக்கரையைச் சேர்ந்ததே. ஃபெத்தியேக்குத் தெற்கேயுள்ள பதாராவில் பிறந்து, நான்காம் நூற்றாண்டில் மிரா நகரத்தின் ஆயராக இருந்தவர் அவர். அவர் பெயரோடு தொடர்புபடுத்திப் பேசும் ஒரு சிறு தீவு, இடிந்த தேவாலயங்களோடு, ஓலூதெனிஸுக்கு அருகிலேயே இருக்கிறது. 1087ஆம் ஆண்டில் இத்தாலியின் பாரி நகரத்து மாலுமிகள் அவருடைய எலும்புகளை எடுத்துச் சென்றுவிட்டார்கள். எலும்புகள் மேற்கே போயின. பெயர் இன்னும் வடக்கே போய், கிறிஸ்துமஸ் இரவில் குழந்தைகளுக்குப் பரிசு கொணரும் தாத்தாவாக உருமாறி, பனிநாடுகளின் பிரஜையாகிவிட்டது. அந்தப் பனிநாட்டு மக்கள் இப்போது அவருடைய சொந்தக் கரையில் வந்து வெயில் காய்கிறார்கள். எலும்பு கிடக்கும் இடமே ஒருவனுடைய ஊர் என்று சொல்வோமானால், நிக்கோலஸுக்கு ஊர் எது?

இவையெல்லாம் நெடுங்காலத்து நிகழ்ச்சிகள். அவற்றை நினைப்பதில் வலி இல்லை. ஃபெத்தியேயிலிருந்து மலையைத் தாண்டி ஏழெட்டுக் கிலோமீட்டர் போனால் வரும் பள்ளத்தாக்கில் காண்பதோ வேறு வகை. அங்கே ஒரு மலைச்சரிவு முழுவதும் கல்வீடுகள், நூற்றுக்கணக்கில், ஒன்றன்மேல் ஒன்றாகப் படியேறி நிற்கின்றன. ஒன்றிலாவது கூரை இல்லை, ஒன்றிலாவது புகை எழுவதில்லை. துருக்கியர் கயாக்கோய் என்று அழைக்கும் அவ்வூரை, அதில் வாழ்ந்த கிரேக்கக் கிறிஸ்தவர்கள் லிவிஸ்ஸி என்று அழைத்தார்கள். அவ்வீடுகளின் அமைப்பில் ஒரு விசேஷம் உண்டு. ஒரு வீடு மற்றொரு வீட்டின் வெளிச்சத்தையோ காட்சியையோ மறைக்காதபடி, சரிவின் ஏற்றம் நோக்கிச் சற்றே விலகி விலகிக் கட்டியிருக்கிறார்கள். அயலானின் ஜன்னலை மதித்துக் கட்டப்பட்ட ஊர் அது. உள்ளே நுழைந்தால் அடுப்பு மாடம் அப்படியே இருக்கும். சுவரில் பொருள்வைக்கும் மாடக்குழிகள். உதிர்ந்த காரையின் இடையே நீலச் சாயத்தின் மிச்சம். மழைநீர் சேர்த்த தொட்டி. கூடமாக இருந்த இடத்தில் அத்திமரம் முளைத்து, கூரைக்குப் பதிலாகக் கிளை விரித்து நிற்கும். தேவாலயத்து முற்றத்தில் கறுப்பும் வெள்ளையுமான கூழாங்கற்களைப் பதித்து யாரோ பொறுமையாகப் போட்ட கோலம் பாதங்களின் கீழே இன்னும் நெளிகிறது.

அந்த ஊர் காலியானது கொள்ளை நோயாலன்று, பஞ்சத்தாலுமன்று. 1923ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் தேதி, சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்தில், கிரீஸும் துருக்கியும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. துருக்கி மண்ணிலுள்ள கிரேக்க வைதிகக் கிறிஸ்தவர்கள் கிரீஸுக்கும், கிரீஸ் மண்ணிலுள்ள முஸ்லிம்கள் துருக்கிக்கும் கட்டாயமாக மாற்றப்பட வேண்டும். அவ்வாறு போனவர்கள் அந்தந்த அரசாங்கத்தின் அனுமதியின்றித் திரும்பி வந்து குடியிருக்கலாகாது. இஸ்தான்புல்லின் கிரேக்கர்களுக்கும் மேற்குத் திரேஸின் முஸ்லிம்களுக்கும் மட்டும் விலக்கு உண்டு. பத்து லட்சத்துக்கும் அதிகமான கிறிஸ்தவர்களும், மூன்றரை லட்சத்துக்குக் குறையாத முஸ்லிம்களும் இதனால் இடம்பெயர்ந்தவர்கள் ஆனார்கள். கிறிஸ்தவர்களில் மிகப் பலர், உடன்படிக்கைக்கு முன்னரே, அவ்விரு நாடுகளுக்குமிடையே நடந்த யுத்தத்தின் நெருப்புக்கு அஞ்சி ஓடியவர்கள். இந்த யோசனையை முன்வைத்தவர்களில் ஒருவர் ஃபிரித்யோஃப் நான்சென். அகதிகளுக்குச் செய்த சேவைக்காக முந்தைய ஆண்டுதான் நோபல் சமாதானப் பரிசு பெற்றவர், மெய்யாகவே கருணையுள்ளவர். மேலும் கொலை நடவாதிருக்க வேறு வழி அவருக்குத் தோன்றவில்லை. நல்லவர் ஒருவருக்கும் வேறு வழி தோன்றாத காலமாக அது இருந்தது என்பதே அக்காலத்தின்மேல் நாம் சொல்லக்கூடிய பெரிய குற்றச்சாட்டு.

அந்த உடன்படிக்கை மனிதரைப் பிரிக்கக் கையாண்ட அளவுகோலைக் கவனிக்க வேண்டும். பேசும் மொழியை அது கேட்கவில்லை. பிறந்த ஊரைக் கேட்கவில்லை. எந்த நாட்டை நேசிக்கிறாய் என்றும் கேட்கவில்லை. மதம் ஒன்றையே கேட்டது. கிரேக்கத்தில் ஒரு வார்த்தையும் பேச அறியாமல், துருக்கி மொழியிலேயே பிரார்த்தித்து, அம்மொழியைக் கிரேக்க எழுத்தில் எழுதிவந்த கராமான்லிக் கிறிஸ்தவர்கள் கிரீஸுக்கு அனுப்பப்பட்டார்கள். கிரேக்கத்தையே தாய்மொழியாகக் கொண்ட கிரீட் தீவின் முஸ்லிம்கள் துருக்கிக்கு அனுப்பப்பட்டார்கள். இரு சாராரும் ‘தாயகம்’ என்று சொல்லப்பட்ட இடத்தில் இறங்கி, அங்குள்ளவர் பேச்சு விளங்காமல் நின்றார்கள். லிவிஸ்ஸியின் வீடுகளில் வந்து தங்குவதற்கென்று அழைத்துவரப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பாலோர் அந்த மலைச்சரிவில் நிலைக்கவில்லை. அவர்கள் விட்டுவந்த வயல்களின் வாகு வேறு. மக்ரிப் பட்டினத்து மக்கள் ஆதென்ஸுக்கு அருகே ஒரு கரையில் குடியேறி, அதற்கு நேஆ மக்ரி, அதாவது புது மக்ரி என்று பெயரிட்டார்கள். பழைய மக்ரி தன் பெயரை இழந்துவிட்டது. பெயர் அகதிகளோடு படகேறிப் போய் அங்கே வாழ்கிறது.

மதத்தையே பட்டாவாக்கிய இந்தச் செயலை நினைக்கும்போதெல்லாம் என் மனம் ஒரு முரண்பாட்டில் போய் முட்டிக்கொள்கிறது. ஏனெனில் அவ்விரு மதங்களும் மனிதனுக்குச் சொல்லிக்கொடுத்த முதற்பாடம், இவ்வுலகில் எந்த இடமும் உனதன்று என்பதே. கிரேக்கத்தில் ‘பரோய்கோஸ்’ என்றால், ஊராரின் பக்கத்தில் உரிமையின்றித் தங்கியிருக்கும் வெளியூரான். ஆதி கிறிஸ்தவர்கள் தங்களை அப்படியே எண்ணிக்கொண்டார்கள். சின்ன ஆசியாவின் மாகாணங்களில் சிதறியிருந்த விசுவாசிகளுக்கு எழுதப்பட்ட பேதுருவின் முதல் நிருபம் அவர்களை அந்நியரென்றும் பரதேசிகளென்றுமே விளித்து அறிவுரை கூறுகிறது. ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த சமூகத்துக்கே ‘பரோய்க்கியா’, தற்காலிகமாகத் தங்கியிருப்போர் கூட்டம், என்று பெயர் வந்தது. ஆங்கிலேயர் தங்கள் ஊர்க்கோயில் வட்டாரத்துக்கு வழங்கும் ‘பாரிஷ்’ என்ற சொல் அதன் பேத்தி. இஸ்லாத்திலும் இதே உபதேசம் உண்டு. உலகத்தில் அந்நியனைப் போலவோ வழிப்போக்கனைப் போலவோ இருக்கும்படி நபிகள் ஒரு தோழருக்கு உரைத்ததை முஸ்லிம்கள் போற்றி வருகிறார்கள். தானே பரதேசி என்று ஒப்புக்கொண்ட இரண்டு கூட்டத்தார், நீ பரதேசி, வெளியேறு என்று ஒருவரையொருவர் துரத்துவது எவ்வாறு சாத்தியமாயிற்று? மதம் தன் வேலையாகிய ஆன்ம விசாரணையை விட்டுவிட்டு, அரசுக்கு ஜனத்தொகைக் கணக்கெழுதும் உத்தியோகத்தை ஏற்றுக்கொண்டபோது அது சாத்தியமாயிற்று. மதங்களின்மேல் எனக்குப் பக்தி உண்டு. அதனாலேயே இதைச் சொல்கிறேன்.

சாமானிய ஜனங்களின் வழக்கம் இந்த அளவுக்குக் கெட்டுப்போனதில்லை. துருக்கிக் கிராமங்களில் முன்னறிவிப்பின்றி வாசலில் வந்து நிற்பவனைத் ‘தான்ரி மிசாஃபிரி’, தெய்வத்தின் விருந்தாளி, என்பார்கள். வழிப்போக்கர் இலவசமாக இரவு தங்குவதற்கென்று கிராமத்துக்கு ஒரு பொது அறையே வைத்திருந்தார்கள். வடமொழியில் திதி பாராமல் வருகிறவனை அதிதி என்று சொல்லித் தேவனாக எண்ணியதன் பொருளும் இதுதான். தமிழில் விருந்து என்ற சொல்லுக்குப் புதுமை என்பதே மூலப் பொருள். முன்பின் அறியாத புதியவனே விருந்தினன், உறவினன் அல்லன். ஆனால் நம் மொழியிலேயே பரதேசி என்ற சொல் பட்ட பாட்டையும் பாருங்கள். பிற தேசத்தான் என்று தொடங்கி, பற்றற்றுத் திரியும் துறவியைக் குறித்து, பிச்சைக்காரனைக் குறித்து, கடைசியில் தெருச்சண்டையில் வசவாக வந்து நின்றது. துருக்கியில் அந்நியனைக் குறித்த ‘கரீப்’ என்ற அரபுச் சொல்லும் இப்படியே சரிந்து, விசித்திரமானவன், பரிதாபத்துக்குரியவன் என்று பொருள்பட்டது. ஒரு சமூகம் வெளியூரானை எப்படி நடத்திற்று என்பதற்கு அதன் அகராதியைவிடச் சிறந்த சாட்சி கிடைப்பது அரிது.

1795ஆம் ஆண்டில் நிரந்தர சமாதானத்தைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதிய காண்ட் என்ற ஜெர்மானிய ஞானி, அந்நியனுக்குள்ள உரிமையைத் தயவின் பாற்படுத்தாமல் நியாயத்தின் பாற்படுத்தினார். பூமி உருண்டையானது, எல்லையுள்ளது. மனிதர் அதில் ஒருவரைவிட்டு ஒருவர் முடிவின்றி விலகிப் போய்க்கொண்டே இருக்க முடியாது. ஆதியில் எந்த இடத்தின்மேலும் எவனுக்கும் மற்றவனைவிட அதிக உரிமை கிடையாது. ஆகையால் வந்தவனைப் பகைவனாக நடத்தக் கூடாது என்பது அவர் வாதம். எனினும் வந்து பார்க்கும் உரிமை வேறு, வந்து குடியிருக்கும் உரிமை வேறு என்றும், பின்னதற்கு அவ்வூராரோடு ஒப்பந்தம் வேண்டும் என்றும் அவர் எச்சரிக்கையாக வரம்பு கட்டினார். விருந்தாளி வேடத்தில் போய் நாடுகளையே கைப்பற்றிய ஐரோப்பியரின் நடத்தை அவர் கண்முன் இருந்தது. அந்நூலிலேயே அதைக் கண்டித்தும் இருக்கிறார். தாப்பும் இகாமெத்தும் இந்த வரம்பின் இக்கால வடிவங்கள். வீடு நிலம் வாங்க வரும் அந்நியரின் தேசத்தில் துருக்கியருக்கும் அதே உரிமை உண்டா என்று பார்த்துவந்த நிபந்தனையை 2012இல் துருக்கி நீக்கிற்று. ஆனாலும் ஒரு வட்டத்திலுள்ள தனியார் நிலத்தில் பத்தில் ஒரு பங்குக்குமேல் அந்நியர் கைக்குப் போகலாகாது என்ற தடை இருந்துவருகிறது.

சட்டம் இவ்வளவுதான் செய்ய முடியும். வந்து குடியேறியவன் எந்த மனத்தோடு வாழ்கிறான் என்பது சட்டத்துக்கு எட்டாத விஷயம். கோடை வெயிலுக்கென்று வீடு வாங்கி, தன் நாட்டு உணவையே உண்டு, தன் நாட்டு நாணயத்திலேயே விலை கேட்டு, பக்கத்து வீட்டில் ரமலான் நோன்பு நடப்பதை அறியாமல் இருபது வருஷம் கழித்துவிடுகிறவர்கள் எங்கும் உண்டு. அவர்களிடம் தாப்பு பத்திரமாக இருக்கும். ஊர் அவர்கள் கையில் இருக்காது. பண்டமாற்றாக வரும் உபசாரத்தை நான் பழிக்கவில்லை. மீன் பொரித்துக் கொடுப்பவன் கூலி வாங்குவது தர்மம். அவனுக்கும் குளிர்காலம் ஐந்து மாதம் உண்டு. பணம் கொடுத்துவிட்டதால் கடன் தீர்ந்தது என்று விருந்தினன் எண்ணிக்கொள்வதே பிழை. எந்த ஊரிலும் விருந்தினனுக்கு ஒரு கடன் மிஞ்சியிருக்கும். அதைப் பணத்தால் அடைக்க முடியாது.

அந்தக் கடனை அடைத்த ஒரு விருந்தினரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கேட் க்ளோ என்னும் ஆங்கிலப் பெண்மணி துருக்கியில் குடியேறியவர். ஃபெத்தியேயிலிருந்து அந்தாலியா நோக்கிச் செல்லும் கரையோர மலைகளில், ரோமானியர் போட்ட சாலைகளும், கழுதைப் பாதைகளும், ஆடு மேய்ப்போர் மேய்ச்சல் நிலம் தேடி ஏறும் தடங்களும், புதிய தார்ச்சாலைகள் வந்தபின் புதர்மூடி மறந்துபோவதை அவர் கண்டார். அவற்றைக் கால்நடையாகத் தேடித் தேடி இணைத்து, பாறைகளில் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டி, ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஒரு நடைவழியை உருவாக்கினார். லிசிய வழி என்ற பெயரோடு 1999இல் அது திறக்கப்பட்டது. ஓலூதெனிஸுக்கு மேலே, ஓவாஜிக்கின் பக்கத்தில் அது தொடங்குகிறது. மலைக்கிராமங்களில் பாட்டிமார் வழிப்போக்கருக்குச் சோறு சமைத்து, படுக்க இடம் கொடுத்து, நாலு காசு பார்ப்பது இன்று அந்தப் பாதையால்தான். ஊரார் மறந்த வழியை ஊராருக்கே மீட்டுக் கொடுத்தவரை அந்நியர் என்ற கணக்கில் நான் சேர்க்க மாட்டேன். அவர் அந்த மண்ணுக்குத் தந்தது ஒரு வழி. அமிந்தாஸ் விட்டுச் சென்றது ஒரு கதவு, அதுவும் திறக்காத கதவு.

இந்த எண்ணங்களோடு ஃபெத்தியேயின் கடற்கரையைவிட்டு உள்நாட்டு மலைகளில் ஏறினால், ஏறக்குறைய 1400 மீட்டர் உயரத்தில், தேவதாரு நிழலில் ஓயினோஅந்தா என்ற பழைய நகரத்தின் இடிபாடுகளைக் காணலாம். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அங்கே டயோஜெனிஸ் என்ற செல்வந்தர் வாழ்ந்தார்; எபிக்யூரஸின் தத்துவத்தைப் பின்பற்றியவர். கடலுக்கப்பால் ரோட்ஸ் தீவில் அவருக்கு நண்பர்கள் இருந்தார்கள். அங்கே போய்த் தங்கிவருவதும் உண்டு. வயோதிகம் வந்து வாழ்க்கையின் அந்தி நெருங்கியதும், தம் செல்வத்தைக் கல்லறைக்குச் செலவிடாமல், ஊர்ப் பொதுமண்டபத்தின் சுவரில் அந்தத் தத்துவம் முழுவதையும் செதுக்கி வைத்தார். பௌதிகம், ஒழுக்கம், முதுமை, மரண பயம், கடிதங்கள் என்று ஏறக்குறைய 80 மீட்டர் நீளத்துக்கு, இருபத்தையாயிரம் சொற்கள் அளவில் அது ஓடியதாகக் கணக்கிடுகிறார்கள். பழைய உலகத்தில் ஒரு தனிமனிதர் தத்துவத்துக்கென்று வெட்டிய கல்வெட்டுகளில் இவ்வளவு பெரியது வேறில்லை.

மனிதருக்குள் தப்பெண்ணம் கொள்ளை நோய்போல் தொற்றிப் பரவுகிறது, பிணியாளர் ஒருவர் இருவராயின் தனித்தனியே மருந்து சொல்லலாம், ஊரே நோயுற்றிருப்பதால் சுவரில் எழுதுகிறேன் என்ற கருத்துப்பட அவர் தம் காரணத்தைக் கூறுகிறார். யாருக்காக எழுதுகிறார் என்பதையும் சொல்கிறார். தம் ஊராருக்காக, இனிப் பிறக்கப்போகிறவர்களுக்காக, ஏனெனில் அவர்களும் நம்மவரே, அவ்வழியே வந்துபோகும் அந்நியர்களுக்காகவும். அந்நியர் என்று சொன்ன மாத்திரத்திலேயே தம்மைத் தாமே திருத்திக்கொண்டு, அப்படி அழைக்கப்படுகிறார்களே தவிர அவர்கள் அந்நியர் அல்லர், பூமியைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்த்தால் ஆளுக்கொரு தேசம், முழுமையாகப் பார்த்தால் எல்லோருக்கும் ஒரே தேசம், ஒரே வீடு என்று விளக்குகிறார். மறுமையையோ தெய்வத்தின் தயவையோ நம்பாத ஒரு மனிதர் இந்த முடிவுக்கு வந்தார். பரோய்க்கியா என்று தங்களை அழைத்துக்கொண்ட பக்தர்களும் இதே முடிவுக்கு மறுவழியாக வந்திருந்தார்கள். எந்த ஊரும் நமதன்று என்றது ஒன்று. எல்லா ஊரும் நமது என்றது மற்றொன்று. இரண்டில் எதை நம்பினாலும், லிவிஸ்ஸியின் அடுப்பு அணைந்திருக்க வேண்டியதில்லை.

டயோஜெனிஸின் மண்டபம் அவர் காலத்துக்குப் பிறகு பிரிக்கப்பட்டது. எழுத்துள்ள கற்களைப் பெயர்த்து, பிற்காலத்தார் வேறு கட்டடங்களுக்கும் மதிலுக்கும் பயன்படுத்திக்கொண்டார்கள். 1884ஆம் ஆண்டு பிரெஞ்சு அறிஞர் இருவர் முதன்முதலாகச் சில துண்டுகளைக் கண்டெடுத்தார்கள். 1968 முதல் மார்ட்டின் ஃபெர்குசன் ஸ்மித் என்ற ஆங்கில அறிஞர் தம் ஆயுளின் பெரும்பகுதியை அந்த மலைமேல் செலவிட்டார். இதுவரை ஏறக்குறைய முந்நூறு துண்டுகள் கிடைத்திருக்கின்றன. மிச்சமுள்ள கற்கள், யாரோ கட்டிய சுவர்களுக்குள்ளும் மண்ணுக்கடியிலும், எழுத்து உள்பக்கமாகத் திரும்பியபடி இன்னும் கிடக்கின்றன.